மாறிலியும் மாறும் பொருளும்

கணினி பயிலும் நம் மாணவர் 'மாறிலி' என்னுஞ் சொல்லிற் பெரிதும் மயங்குவர். ஆலங்குடாக் கரையிற் கட்டிய தோணியை நோக்குக. தோணி நிலைபெயராது, அதனுள் மீன்கூடைகளோ ஏறும், இறங்கும்.

1996ஆம் ஆண்டில் வெளிவந்த ஜாவா மொழியில் 'ஃபைனல்' என்று குறித்த பெயரும் அத்தகையதே. மதிப்புக்களை வரிசையாய்க் கொண்ட ஓர் அணியை அது சுட்டுமாயின், பின்னர் வேறோர் அணியைச் சுட்டாது. சுட்டிய அணியின் உறுப்புக்களோ மாறலாம். நிரலை ஆராயுந் தொகுப்பான் அதனைத் தடுப்பதில்லை. தேர்வுப் புள்ளிகளை அவ்வாறு வைத்துக் காத்துவிட்டதாக எண்ணுபவன் ஏமாறுவான்.

தொகுக்கும்பொழுதே மதிப்பு அறுதியாகும் மாறிலிகளாக எண், எழுத்து, மெய்-பொய், எழுத்துச்சரம் ஆகிய மாறா வகைகளையே அம்மொழி ஏற்கும், அணியை ஏற்காது.

பெயரைக் கட்டுதல் வேறு, பொருளைக் காத்தல் வேறு என்பதை நிரலெழுதும் இளைஞர் முதற்கண் உணர்தல் வேண்டும்.