காற்றுக்கு அசையாத வாசல் போர்டு

வீட்டிலிருந்தபடியே தையல், ட்யூஷன், இட்லி மாவு என்று நாலு காசு பார்க்கும் சகோதரிகள் நம் கோவைப் பக்கம் நிறையப் பேர். கையில் தொழில் இருந்தும், "இங்கேதான் தைக்கறாங்க" என்று அடுத்த தெருவுக்குத் தெரியாவிட்டால் வருமானம் ஏது? வாடகை வீட்டில் சுவரில் ஆணி அடிக்க முடியாது. வாசலில் குழி தோண்டவும் விடமாட்டார்கள். இவர்களுக்கு ஏற்றது, தானாக நிற்கும் மரக்கால் போர்டு.

தேவையானவை: நன்கு காய்ந்த மரத்தில் 4 அடி உயரக் கால் (இரண்டரை அங்குலச் சதுரம்) 1, இரண்டரை அடி நீளக் கட்டை (3 அங்குல அகலம், 2 அங்குல கனம்) 2, 10 அங்குல முட்டு 4, ஒன்றரை அடிக்கு ஓர் அடி பலகை 1, ஸ்குரு, பிரைமர், எனாமல் பெயிண்ட்.

செய்முறை: இரண்டு கட்டைகளையும் நடுவில் பாதி கனத்துக்கு வெட்டி, கூட்டல் குறி போல ஒன்றில் ஒன்று பொருத்துங்கள். இந்த வெட்டை மட்டும் ஆசாரியிடம் கொடுத்தால் நல்லது. காலை நடுவில் நிறுத்தி, அடியிலிருந்து 4 அங்குல ஸ்குரு இரண்டு முடுக்குங்கள். நாலு பக்கமும் முட்டுகளைச் சாய்வாகக் கொடுங்கள். ஆட்டத்தைத் தாங்குவது இந்த முட்டுகள்தான். பலகையைக் காலின் மேல்புறம் பொருத்துங்கள்.

பிரைமர் ஒரு கோட், பெயிண்ட் இரண்டு கோட். மரத்தின் வெட்டு முனைகள்தான் தண்ணீரை அதிகம் குடிக்கும். அடிப்பக்கத்தையும் விடாமல் பூசுங்கள். கரையான் ஏறாமலிருக்க, மண்தரையில் ஓட்டுத்துண்டின் மேல் நிறுத்துங்கள்.

மஞ்சளில் கறுப்பு எழுத்து பளிச்சென்று தெரியும். ஓர் அங்குல உயர எழுத்தைச் சுமார் 25 அடியிலிருந்து சிரமமில்லாமல் படிக்கலாம். அதனால் "தையல்" என்பதை 3 அங்குலத்தில் எழுதி, நேரத்தைக் கீழே சிறிதாக எழுதினால் போதும்.

முக்கியமான விஷயம் காற்று. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஜூன் முதல் செப்டம்பர் வரை வீசும் காற்றைப் பற்றி நமக்குச் சொல்லவா வேண்டும்! பல்லடம், உடுமலைப் பக்கம் காற்றாலைகள் சுழல்வதும் அதனால்தான். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால், பலகையை அது தள்ளும் விசை நாலு மடங்காகும். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் மேல் சாய்ந்துவிடக் கூடாதல்லவா? பெரிய பலகைக்கு ஆசைப்படாதீர்கள். கட்டைகளின் நாலு முனைகளின் மேலும் மணல் மூட்டை வையுங்கள்; இரவில் உள்ளே எடுத்து வைத்துவிடுங்கள். ரோட்டில் வைக்காமல், உங்கள் வாசலுக்குள்ளேயே நிறுத்துங்கள்.

இடம் மிச்சமென்று வாசல் வேப்பமரத்தில் மட்டும் ஆணி அடித்துவிடாதீங்க. நமக்கு நிழல் தருகிற மரமாச்சே!