கள்ளின் அடிமண்டி

திருவனந்தபுரத்துக் கள்ளுக்கடைகளில் வாங்கும் தென்னங்கள்ளைச் சிறிது நேரம் அசையாமல் வைத்தால், குப்பியின் அடியில் வெளுத்த மாவு போல ஒரு படலம் இறங்கும். அதுதான் மண்டி. பாளையிலிருந்து சொட்டும்போது பதநீர் தெளிந்தே இருக்கும். சுண்ணாம்பு தடவாத கலயத்தில் ஈஸ்ட்டும் பாக்டீரியாக்களும் சர்க்கரையைத் தின்று பெருகுவதால்தான் அது பால்நிறம் கொள்கிறது. அவற்றில் கனத்தவை அடியில் தங்குகின்றன.

இந்த மண்டியைக் குடிக்கலாமா? நல்ல கள்ளானால் கெடுதல் இல்லை. ஈஸ்ட்டில் பி வைட்டமின்கள் உண்டு. ஆனால் கசப்பும் புளிப்பும் கூடும், வயிறு உப்பும். பியூரின் இருப்பதால் கௌட் வாதமுள்ளவர்களுக்கும், நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தவர்களுக்கும் இது ஆகாது. (கள்ளே ஆகாது என்பது வேறு விஷயம்.)

கள்ளைப் போலன்றி, கடைகளில் விற்கும் வழக்கமான பீர் வடிகட்டப்படுவதால் அதில் மண்டி இராது. குப்பிக்குள்ளேயே நொதிக்கவிடும் பீரில் உண்டு. ஜெர்மானியக் கோதுமை பீரில் குப்பியை உருட்டி மண்டியையும் கலந்தே ஊற்றுவர். பெல்ஜிய பீர்கள் பலவற்றில் மெல்லச் சாய்த்து, கடைசி விரற்கடையை விட்டுவிடுவர். நாள்பட்ட மண்டியில் ஈஸ்ட் செத்துச் சிதைந்து, சோயா சாற்றின் வாடை வரும்.

கேரளச் சமையலறையில் கள்ளின் மண்டிக்கு மதிப்பு அதிகம். அரைத்த அரிசிமாவில் அதைக் கலந்து இரவு முழுதும் வைத்தால், விடியலில் கள்ளப்பத்துக்கு மாவு பொங்கி நிற்கும்.

மண்டியைப் பார்த்துக் கலப்படத்தைக் கண்டுபிடித்துவிட முடியாது. கேரளத்தில் கள்ளில் கலந்து பிடிபட்டிருக்கும் குளோரல் ஹைட்ரேட் என்னும் மயக்க மருந்து நீரில் கரைவது, அடியில் தங்காது. அதைக் கண்டறிய ஆய்வகச் சோதனைதான் வழி.