ஊரடங்கில் புற்றுநோயாளிகளுக்கு என்ன ஆனது? கும்பகோணம் சைக்கிள் பயணமும் 54% கணக்கும்

2020 மார்ச் இறுதி. பஸ், ரயில் எதுவும் ஓடல. கும்பகோணம் பக்கத்தைச் சேர்ந்த கூலித் தொழிலாளி ஒருவர், புற்றுநோய் பாதித்த மனைவியை சைக்கிளில் உட்கார வைத்து, 100 கிலோமீட்டருக்கும் மேல் மிதித்து புதுச்சேரி ஜிப்மருக்குக் கூட்டிப் போனார். கீமோ தேதி தவறிடுமே என்ற பயம்தான். சிகிச்சை கொடுத்து ஆம்புலன்ஸிலேயே வீட்டுக்கு அனுப்பியது ஜிப்மர்.

அவங்களுக்காவது தேதி தெரியும். நோய் இருப்பதே தெரியாதவங்க?

அந்த மார்ச் முதல் மே வரை நாட்டின் 41 புற்றுநோய் மையங்களில் புதிதாகப் பதிவானவர்கள், 2019-ன் அதே மாதங்களைவிட 54% குறைவு என்கிறது 'லான்செட் ஆன்காலஜி' ஆய்வு. நோய் குறையல, ஆஸ்பத்திரிக்கு வந்தவங்கதான் குறைஞ்சாங்க. மார்பில் கட்டி, ஆறாத வாய்ப்புண் என எல்லாமே 'கொரோனா முடியட்டும்' என்று தள்ளிப்போச்சு. ஆபரேஷன் மட்டுமே போதும் என்ற கட்டத்தைத் தாண்டினால் கீமோ, கதிர்வீச்சு என செலவும் ஆபத்தும் கூடும். அறுவை சிகிச்சை 4 வாரம் தள்ளிப்போனாலே உயிரிழப்பு அபாயம் 6 முதல் 8% உயரும் என்று கணக்கிட்டது 2020-ல் வெளியான பிஎம்ஜே ஆய்வு.