உறைபனிக்கு முன் எதைப் பறிப்பது, எதை விடுவது?

மே மாதத்தில் விக்டோரியா நாளையொட்டி நாற்று நட்ட ரொறன்ரோ வீட்டுத் தோட்டக்காரருக்குச் செப்ரெம்பர் முடியும்போது ஒரே கவலைதான்: செடியில் இன்னும் காய் கிடக்கிறது, உறைபனி எந்த இரவில் விழும்? ஏரிக்கரையை அண்டிய இடங்களில் அது பிந்தி வரும். மார்க்கம், பிரம்ரன் பக்கங்களில் பெரும்பாலும் ஒக்டோபர் முற்பாதிக்குள் வந்துவிடும். அதற்காக எல்லாவற்றையும் ஒரே நாளில் பிடுங்கத் தேவையில்லை. குளிருக்கு எது முதலில் சாகும் என்ற வரிசை தெரிந்தால் போதும்.

வானிலை அறிக்கையில் 3 பாகை என்று இருந்தாலும் நம்பி இருந்துவிடாதீர்கள். அந்த வெப்பநிலை நிலத்திலிருந்து ஏறத்தாழ ஒன்றரை மீற்றர் உயரத்தில் அளக்கப்படுவது. முகிலும் காற்றும் இல்லாத இரவில் நிலத்தின் சூடு தடையின்றி வெளியேறிவிடும். தரையோடு கிடக்கும் இலை 0 பாகைக்குக் கீழே போய்விடும். இலைக்குள் நீர் உறையும்போது கலங்கள் சிதைகின்றன. மறுநாள் வெயில் ஏற, இலைகள் அவித்த கீரைபோலக் கறுத்துத் தொங்குவது இதனால்தான்.

முதலில் பறிக்க வேண்டியவை

இரவு வெப்பநிலை 10 பாகைக்குக் கீழே இறங்கத் தொடங்கியதும் வெண்டி, கத்தரி, பாவல், பயற்றை எல்லாம் சோர்ந்துவிடும். பிறகு காத்திருந்தாலும் காய் பெருக்காது. இருப்பதைப் பறித்துவிடுங்கள். சாடியில் நிற்கும் கறிவேப்பிலையையும் மிளகாயையும் வீட்டுக்குள் எடுக்கும் நேரமும் இதுவே. எடுக்கும் முன் இலையின் அடிப்பக்கத்தில் பூச்சி இருக்கிறதா என்று பார்த்துக் கழுவிவிடுங்கள்.

தக்காளி

பச்சைக் காய் எல்லாம் பழுக்காது. முழுப் பருமனுக்கு வந்து, கடும்பச்சை மாறி வெளிறியவைதான் பழுக்கும். ஐயமென்றால் ஒன்றைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். விதையைச் சுற்றிக் கூழ் கட்டி, விதை கத்திக்கு வழுக்கிப்போனால் அந்தப் பருவக் காய்கள் பழுக்கும். விதையும் சேர்ந்து வெட்டுப்பட்டால் சட்னிக்கும் ஊறுகாய்க்கும்தான்.

பழுக்க வெயில் வேண்டியதில்லை. காயமில்லாதவற்றைத் தெரிந்து அட்டைப்பெட்டியில் ஒரே அடுக்காகப் பரப்பி, 18 முதல் 21 பாகை உள்ள அறையில் வையுங்கள். கூடவே ஒரு வாழைப்பழம் வைத்தால், அதிலிருந்து வரும் எதிலீன் வாயு பழுப்பதை விரைவாக்கும். குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் பழுக்காது, சுவையும் கெடும். உறைபனியில் செத்த செடியின் பழங்களைப் போத்தலில் அடைத்துச் சேமிக்கக் கூடாது. அவற்றில் அமிலம் குறைந்து நச்சுக் கிருமி வளர இடமுண்டு.

பூசணி

பெருவிரல் நகத்தால் அழுத்தித் தோலில் பதியாவிட்டால் முற்றிவிட்டது. காம்பை 5 சென்ரிமீற்றருக்குக் குறையாமல் விட்டு வெட்டுங்கள். காம்பைப் பிடித்துத் தூக்க வேண்டாம். அது முறிந்தால் அந்த இடத்திலிருந்தே அழுகல் தொடங்கும். சூடான, காற்றோட்டமுள்ள இடத்தில் ஏறத்தாழ 10 நாள் காயவிட்டு, பிறகு ஈரமில்லாத குளிர்ந்த அறையில் வைத்தால் மாதக்கணக்கில் இருக்கும். பனி பட்ட காய் தங்காது, உடனே சமைத்துவிடுங்கள்.

அவசரப்படக் கூடாதவை

கேல், லீக்ஸ், கரட் போன்றவற்றை விட்டுவையுங்கள். குளிர் பட்டதும் இவை மாச்சத்தைச் சர்க்கரையாக மாற்றுகின்றன. சர்க்கரை கரைந்த நீர் எளிதில் உறையாது. செடிக்கு அது காப்பு, நமக்கு இனிப்பு. நிலம் இறுகுவதற்குள் கரட்டைக் கிண்டினால் சரி.

ஒரு இரவு பனி விழுந்து, அடுத்த கிழமை முழுவதும் வெயில் எறிப்பதும் உண்டு. அந்த ஒரு இரவைத் தாண்ட பழைய படுக்கை விரிப்பு போதும். சூரியன் மறையும் முன் நிலம்வரை மூடி, காலையில் எடுத்துவிடுங்கள். பொலித்தீன் இலையில் தொட்டால் அந்த இடம் கருகும்.

கடைசியாக, நல்ல கொடியில் ஒரு பாவற்காயைப் பழுக்கவும் சில பயற்றங்காய்களைக் காயவும் விட்டு, அடுத்த ஆண்டுக்கு விதை எடுத்துவையுங்கள். வெறுமையான பாத்தியில் ஒக்டோபரிலேயே உள்ளிப்பூண்டு ஊன்றலாம். பனிக்கடியில் கிடந்து, அடுத்த ஜூலையில் அறுவடைக்கு வரும்.