சுட்டியும் கணினியின் நிலைகுலைவும்

காக்கை வந்திருந்த கணத்திற் பனம்பழம் வீழ, காக்கையே அதனை வீழ்த்தியதெனக் கொள்வதைக் காகதாலிய நியாயம் என்பர். கணினி அறையினுள்ளும் இந்நியாயம் புகுந்து மாணவனொருவன்மேற் பழி சுமத்தியதை யாம் கண்டோம்.

நூலகப் பட்டியல் பதியப்படும் கணினி ஒன்றிற்கு உயர்தர வகுப்பு மாணவனொருவன் தன் கம்பியில்லாச் சுட்டியைக் கொணர்ந்து இணைத்தான். மறுநாள் தொடக்கம் அக்கணினி இடையிடையே நீலத்திரை காட்டி நின்றது. இரு மாலைப்பொழுதுகளிற் பதிந்தவை சேமிக்கப்படுமுன் அழிந்தன. சுட்டியே காரணமென எல்லாரும் ஒருமுகமாகக் கூறினர். கண்கலங்கி அதனை எடுத்துச்செல்ல வந்த மாணவனை, “சற்றுப் பொறு, தம்பி” என்று நிறுத்தினோம்.

ஈண்டு முதற்கண் அறியற்பாலது, திரையிற் சுட்டுக்குறி நிற்றல் வேறு, கணினி நிற்றல் வேறு என்பது. குறி அசையாதபோதும் விசைப்பலகை எழுதுமாயின் கணினி நலமே உளது. குறை மின்கலத்திலோ வானொலி அலையிலோ இருத்தல் கூடும். இத்தகைய சுட்டிகள் பெரும்பாலும் 2.4 கிகாஹேட்ஸ் அலைவரிசையில் இயங்குவன. யூ.எஸ்.பி. 3.0 துறையிலும் அதன் வடத்திலும் எழும் இரைச்சல் அவ்வலைவரிசையைத் தாக்கும் என்பதை இன்ரெல் நிறுவனம் 2012இல் வெளியிட்ட அறிக்கையொன்றில் விளக்கியது. வாங்கியை ஒரு நீட்டுவடத்தில் இணைத்துச் சற்று அப்பால் வைத்தால் அக்குறை பெரும்பாலும் நீங்கும். இதனை நிலைகுலைவு என்றல் பொருந்தாது.

நீலத்திரையோ வேறு வகையினது. (விண்டோஸ் 11இல் 2025ஆம் ஆண்டு அது கருந்திரையாயிற்று, நிறம் மாறினும் பொருள் மாறிற்றிலது.) சாதனமொன்றின் இயல்பைப் பணிசெயல் முறைமைக்கு உணர்த்தும் நிரல் செலுத்தி எனப்படும். சாதாரண நிரல் பிழை செய்தால் அந்நிரல் மட்டும் மூடப்படும். செலுத்திகள் பலவோ முறைமையின் கருவகத்தினுள்ளே இயங்குவன. அங்கு நேரும் பிழை நினைவகம் முழுவதையும் பழுதாக்கலாம் ஆதலின், மேலும் கேடு விளையாவாறு முறைமை தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும்.

இனி, எமது ஆராய்ச்சியைக் கூறுவாம். புகையுள்ள இடத்து நெருப்பு உண்மை அன்னுவயம். நெருப்பில்லாத இடத்துப் புகை இன்மை வெதிரேகம். கம்பியுள்ள சுட்டியை அதே துறையில் இணைத்து மூன்று நாள் வைத்தோம், கணினி நிற்கவில்லை. கம்பியில்லாததை மீண்டும் இணைத்தோம், அன்றே நின்றது. இரண்டும் பொருந்தினமையின் பழி உறுதியாயிற்றெனவே தோன்றிற்று. ஆயினும் அதே சுட்டியை வேறொரு கணினியில் இணைத்தபோது ஒரு கிழமையாக யாதொரு குறையும் நேர்ந்திலது. ஆகவே சுட்டியோடு மற்றொன்றும் அக்கணினியினுட் புகுந்திருத்தல் வேண்டும் என ஐயுற்று மாணவனை வினவினோம். “பொத்தான்களின் தொழிலை மாற்ற ஒரு மென்பொருளை நிறுவினேன், சேர்” என்றான்.

நிலைகுலையும்போது விண்டோஸ் எழுதிவைக்கும் சிறு நினைவுப்பதிவுக் கோப்பைத் திறந்து நோக்கினோம். அம்மென்பொருளின் செலுத்தியே அங்குச் சுட்டப்பட்டிருந்தது. கணினி உறங்கி விழிக்குங்கால் ஒவ்வொரு செலுத்தியும் தன் மின்னிலையை மாற்றி, முடிந்ததென அறிவித்தல் வேண்டும். இச்செலுத்தி உரிய நேரத்துள் அறிவித்திலது. சுட்டி இணைந்துள்ளபோது மட்டுமே அஃது ஏற்றப்படும். கம்பியுள்ள சுட்டியோடு குறை தோன்றாமைக்குக் காரணம் இதுவே.

மென்பொருளை அகற்றி, சாதன முகாமையாளரில் அச்செலுத்தியையும் நீக்கினோம். சுட்டியை மட்டும் அதே துறையில் விட்டோம். அசைவுக்கும் பொத்தான்களுக்கும் உருளைக்கும் விண்டோஸின் பொதுச் செலுத்தியே போதியது. இவ்வாறு ஒருமுறைக்கு ஒன்றையே மாற்றுதல் இன்றியமையாதது. மென்பொருளை நீக்கித் துறையையும் மாற்றியிருப்போமாயின் எதனாற் குணமாயிற்று என்பதை அறிந்திரோம். மின் சேமிப்பின்பொருட்டுத் துறையை அணைக்கும் தெரிவையும் நீக்குக என்பார் உளர். மென்பொருளை அகற்றியும் குறை தீராதாயின் அடுத்துச் செய்யற்பாலது அதுவே. எமக்கு அது வேண்டியிருந்திலது.

மூன்று கிழமைகள் கணினி ஒருமுறையேனும் நிற்கவில்லை. அழிந்த பதிவுகளை அம்மாணவனே, தன் சுட்டியைக் கொண்டு, மீண்டும் பதிந்து முடித்தான்.