இடம் பெயர்ந்த பண்ணை வீடு

இங்கிலாந்தின் கென்ட் வட்டாரத்தில் உள்ள சிடிங்ஸ்டோன் பகுதியில் ‘பேலீஃப்’ என்ற பண்ணை வீடு ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேல் நின்றது. 1960களின் இறுதியில் அங்கே நீர்த்தேக்கம் ஒன்று அமைக்கப்பட்டபோது, வீட்டை அகற்ற வேண்டியதாயிற்று.

செங்கல் வீட்டை இடித்தால் மிஞ்சுவது பெரும்பாலும் கற்குவியல்தான். ஆனால் பேலீஃப் மரச்சட்டங்களால் ஆன வீடு. அதைத் தாங்குவது சுவர் அல்ல. ஓக் மரத் தூண்களும் உத்திரங்களும்தாம். ஒரு மரத்தின் முனையை நாக்குபோல் செதுக்கி, மற்றதில் வெட்டிய துளைக்குள் செருகி, குறுக்கே மர ஆணி அடித்து இறுக்குவது அக்காலத் தச்சர்களின் முறை. இரும்பு ஆணிக்கு அங்கே வேலை இல்லை. மர ஆணியை உருவினால் சட்டம் கழன்றுவிடும்.

ஈரம் காயாத மரத்தையே அவர்கள் விரும்பினார்கள். செதுக்குவது எளிது, காயக் காய ஓக் மரம் கெட்டிப்படும். தூண்களுக்கு இடையே குச்சிகளைப் பின்னி, களிமண்ணும் சாணமும் வைக்கோலும் கலந்து பூசினால் சுவர் தயார்.

வீட்டின் நடுவில் கூரை வரை உயர்ந்த கூடம். தரையில் அடுப்பு எரியும், புகைபோக்கி கிடையாது. புகை மேலெழுந்து கூரை வழியே கசிந்து வெளியேறும். சன்னல்களில் கண்ணாடி இல்லை, மரக் கம்பிகளும் கதவுகளும் மட்டுமே. கூடத்தின் இருபுறமும் மாடி அறைகள் முன்னே துருத்தி நிற்கும். அனைத்தையும் ஒரே கூரை மூடும். கூடமும் ஒருபக்க அறைகளும் 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தவை. மறுபக்க அறைகள் 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சேர்ந்தவை.

ராய் ஆம்ஸ்ட்ராங்கின் முயற்சியால் அப்போது உருவாகிக்கொண்டிருந்த திறந்தவெளி அருங்காட்சியகம் ஒன்று இந்த வீட்டை ஏற்றுக்கொண்டது. மரங்கள் ஒவ்வொன்றாகக் கழற்றப்பட்டு, மேற்கு சசெக்ஸில் உள்ள சிங்கிள்டன் கிராமத்துக்குச் சென்றன. 1972இல் வீடு மீண்டும் எழுந்தது.

ஆனால் ஒரு கேள்வி எழுந்தது. எந்தக் காலத்து வீடாக அதைக் கட்டுவது? பிற்காலத்தில் சேர்ந்த புகைபோக்கியை விட்டுவிட்டு, பழைய திறந்த கூடத்தையே மீட்டார்கள். பின்னர் வந்த தலைமுறைகளின் வாழ்க்கைத் தடயம் அதில் மறைந்தது உண்மை. ஆனாலும் புகை சூழ்ந்த கூடத்தில் ஒரு குடும்பம் எப்படி வாழ்ந்தது என்பதை இன்று நேரில் காண முடிகிறது.

பிரிக்கத் தெரிந்தால்தான் பாதுகாக்கவும் முடியும். அந்த வழியை விட்டுச் சென்றவர்கள் பெயர் தெரியாத தச்சர்கள்.