சாங்கி சிறையில் இருந்த தலைவர்

பெக்கான் நானாஸ் சாலையோரக் கடையில் அன்னாசி வெட்டச் சொல்லிவிட்டுக் காத்திருக்கும் நேயர்களே, உங்களுக்கு ஒரு கேள்வி. ம.இ.கா. என்னும் மலேசிய இந்தியர் காங்கிரஸ் கட்சியின் முதல் தலைவர் யார் தெரியுமா?

துன் சம்பந்தன் என்று அவசரப்பட்டுச் சொல்லிவிடாதீங்க! அவர் பிறகு வந்தவர். முதலாமவர் ஜான் திவி.

லண்டனில் சட்டம் படித்தவர். அங்கே காந்தியைச் சந்தித்த பிறகு இவருடைய மனம் இந்திய விடுதலைப் பக்கம் போய்விட்டது. ஜப்பானியர் காலத்தில், சிங்கப்பூரில் நேதாஜி அறிவித்த ஆசாத் ஹிந்த் என்ற சுதந்திர இந்திய அரசில் ஆலோசகராக இருந்தார். இந்தியா இன்னும் வெள்ளைக்காரன் கையில். அரசாங்கமோ கடல் கடந்து நம்ம ஜொகூருக்குப் பக்கத்தில்! எவ்வளவு துணிச்சல் பாருங்கள்.

போர் முடிந்து பிரிட்டிஷார் திரும்பினார்கள். திவியைப் பிடித்துச் சாங்கி சிறையில் போட்டார்கள். ஆனால் 1946 ஆகஸ்டில் ம.இ.கா. பிறந்தபோது, தலைவர் நாற்காலியில் அதே மனிதர்!

அங்கேயும் அவர் நெடுநாள் உட்காரவில்லை. மறு ஆண்டே மலாயாவில் இந்திய அரசின் பிரதிநிதி ஆனார். பிறகு அயல்நாடுகளில் இந்தியாவுக்காகத் தூதர் பணி.

உங்கள் வீட்டில் தாத்தா, பாட்டி இருந்தால், ஜான் திவியைப் பற்றி இன்றைக்கே கேட்டுப் பாருங்கள்.